பெட்டியோடு தாருங்கள்

தம்பிமாரே, தங்கச்சிமாரே,

நீங்கள் கையில் வைத்திருக்கும் டெப் கணினியில் ஒரு விற்பனையைப் பதிந்து முடிக்கும்போது கடைசியாக ஒரு கேள்வி வரும்: "பெட்டி வேண்டுமா, வேண்டாமா?" அதை வாசிக்காமலே "வேண்டாம்" என்று தட்டிவிட்டுப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பிறகு நானே அனுபவித்தேன். போன மாதம் ஒரு மின்விசிறி வாங்க வந்த என்னை, இன்னார் என்று தெரியாமலே ஒரு தம்பி நன்றாகக் கவனித்தார். தொலைபேசி இலக்கம் கேட்டார், பிறந்த திகதிகூடக் கேட்டார். பெட்டியை மட்டும் கேட்கவில்லை. அடுத்த நாள் விசிறி பெட்டியில்லாமல் மொட்டையாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம், அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஏனென்றால் அந்தக் கேள்வி என்னுடையது. முப்பத்தொரு வருடம் மட்டக்களப்பு நகரத்தில் நம் காட்சியறையில் நின்று வீட்டுச் சாமான் விற்றவள் நான். சான்றிதழ் தந்தார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், ஓய்வு பெற்ற அன்று சுவர் மணிக்கூடு ஒன்றும் கிடைத்தது. அவற்றையெல்லாம் ஒரு பக்கம் வையுங்கள். நான் பெருமைப்படும் காரியம் அந்த ஒரு வரிதான். அது எப்படி வந்தது என்று தெரிந்தால் நீங்கள் அதைத் தாண்டிப் போகமாட்டீர்கள்.

பயிற்சி வகுப்பில் உங்களுக்குத் தலைமுறைகளை நிறம் நிறமாகப் பிரித்து ஒரு படம் காட்டுவார்கள். எங்களுக்கும் காட்டினார்கள். வயது போனவர்கள் நீண்டகாலம் உழைக்கும் சாமான் கேட்பார்கள், இளையவர்கள் பார்வைக்கு வடிவானதைக் கேட்பார்கள் என்று அதில் இருக்கும். படத்தில் பிழையில்லை. பிழை என்னிடம் இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்தவுடன் சனத்தைப் படித்து முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இத்தனைக்கும் எங்கள் லொறிச் சாரதி என்னை எச்சரித்திருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து எங்கள் சாமான்களை வீடு வீடாக இறக்கியவர். ஒருநாள் ஒரு பெரியவர் காட்சியறையில் ஒரு தொலைக்காட்சியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். "ஐயா, தொடவேணாம், உடைஞ்சிரும்" என்று பாய்ந்து போய்த் தடுத்தேன். அவர் அதை வைத்துவிட்டுப் போய்விட்டார். பின்னால் நின்ற சாரதி சிரித்தார்.

"மிஸ், அந்தாள் ரீவிய உடைக்க வரல்ல. தூக்கிக்கிட்டு ஓடலாமா எண்டு பாத்தவர்."

பகிடி விடுகிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். அவ்வளவுதான் அன்று எனக்கு விளங்கியது.

நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்களில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. இனி வாடிக்கையாளரின் வீட்டுக்குச் சாமானைக் கொண்டுபோய், அங்கேயே பிரித்து, பொருத்தி, இயக்கிக் காட்டிவிட்டு, வெறும் பெட்டிகளைத் திருப்பி எடுத்துவர வேண்டும். வீட்டில் குப்பை சேராது, வாடிக்கையாளர் மகிழ்வார். கொழும்பில் இதற்கு நல்ல வரவேற்பாம். நான் அப்போது விற்பனைத் தள மேற்பார்வையாளர். கிழக்கில் முதலில் இதைச் செய்து காட்டும் கிளை எங்களுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சேரும் பெட்டிகளை வாரம் ஒருமுறை வாழைச்சேனையில் பழைய கடதாசி வாங்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர், நாங்கள் 'நானா' என்று கூப்பிடுபவர், ஏற்றிப்போவார் என்று ஒழுங்கும் செய்தேன்.

அந்த நாட்களில்தான் ஆரையம்பதியிலிருந்து தங்கேஸ் அக்கா வந்தார். வாவியில் மீன் பிடிப்பவரின் மனைவி. கருவாடு போட்டும் கோழி வளர்த்தும் வீடு கட்டியவர். மகள் நிரோஷாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கலியாணம். உங்களில் வெளியூர்ப் பிள்ளைகள் இருந்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணத்தோடு கல்வீடு மகளுடையதாகிவிடும், மருமகன் அங்கே வந்து குடியிருப்பார், தாயும் தகப்பனும் அதே வளவில் சின்னதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். அதனால் கலியாணத்துக்கு முன் அந்த வீட்டை நிரப்புவது தாயின் மானப் பிரச்சினை.

அக்கா ஆறு சாமான் எடுத்தார். பிரிட்ஜ், வோஷிங் மெசின், தொலைக்காட்சி, காஸ் அடுப்பு, மின் ஓவன், ஒரு பெரிய கிரைண்டர். ஒவ்வொன்றையும் தொட்டு, தட்டி, முடிந்ததைத் தூக்கியும் பார்த்தார். மகள் நிறத்தைப் பார்த்தாள். எனக்குப் பயிற்சி வகுப்புப் படம் கண்முன்னே நடமாடுவது போல இருந்தது. சந்தோசமாக ஓடர் எழுதினேன். அந்த மாதம் எங்கள் கிளை தலை தப்பியதே அந்த ஆறு சாமான்களால்தான்.

வியாழக்கிழமை காலை சாமான் போய் இறங்கியது. பின்னேரம் அக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது.

"மிஸ், லொறிய அனுப்புங்க. ஆறு சாமானையும் ஏத்திக்கிட்டுப் போங்க."

"ஏனக்கா? ஏதும் உடைஞ்சிட்டா?"

"ஒண்டும் உடையல்ல. எனக்கு வேணாம். வெறும் வீட்டுலயே கலியாணத்தச் செய்யிறன்."

வைத்துவிட்டார். எங்கள் முகாமையாளர் இளைஞர், வேறு மாவட்டத்துக்காரர். பிரித்து இயக்கிய சாமானைத் திருப்பி எடுப்பதில்லை என்பது விதி. "அந்த அம்மாவுக்குக் கலியாணப் பதற்றம், விடுங்க, ஞாயிற்றுக்கிழமை முடிஞ்சா எல்லாம் சரியாப் போயிரும்" என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. ஆனால் "வெறும் வீட்டில் கலியாணம்" என்று எங்கள் ஊரில் ஒரு தாய் வாய் திறந்து சொல்லிவிட்டால் அதன் பாரம் என்ன என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கல்லடிப் பாலத்தைத் தாண்டி ஓட்டோவில் போனேன். பயமும் இருந்தது, என்னுடைய புதுத் திட்டத்தில் ஏதோ பிழைத்துவிட்டது என்ற சந்தேகமும் இருந்தது.

வீட்டில் பந்தல் போட்டிருந்தது. சாமான் எல்லாம் அதனதன் இடத்தில் பளபளவென்று நின்றது. அக்கா வாசற்படியில் குந்தியிருந்தார். அவருடைய வீட்டுக்காரர் வளவு மூலையில் வலையோடு இருந்தார். மனிதர் தலையை நிமிர்த்தவே இல்லை. அவருக்குத் தாயையும் தெரியும், மகளையும் தெரியும்.

"பெட்டி எங்க?" என்று கேட்டார் அக்கா. அந்த ஒரு கேள்விதான்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது என்று நினைத்தேன். பெட்டி இல்லாமல் வந்த சாமானை மாப்பிள்ளை வீட்டார் பாவித்த சாமான் என்று சொல்லிவிடுவார்கள், அதுதான் பயம். "அக்கா, புத்தம் புதுசு எண்டு நான் கையெழுத்து வச்சுக் கடிதம் தாறன், பந்தல்லயே ஒட்டி விடுங்க" என்றேன்.

"ஏன், அவங்களுக்குக் கண் தெரியாதா புதுசெண்டு?"

அது இல்லை. வாரண்டிக்குப் பெட்டி வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கலாம். "பெட்டி இல்லாட்டியும் வாரண்டி செல்லும் அக்கா" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் இன்னும் சின்னதாகிப் போனேன். முப்பத்தொரு வருட அனுபவத்தில் நான் சொல்லக்கூடியது இதுதான்: இரண்டாவது ஊகமும் பிழைத்தால் மூன்றாவதைச் சொல்லாதீர்கள். வாயை மூடிக்கொண்டு இருங்கள்.

நான் படியில் அவர் பக்கத்தில் இருந்தேன். அதற்குள் நிரோஷா உள்ளேயிருந்து வந்தாள். மஞ்சள் பூசிய முகம், அழுது சிவந்த கண்.

"அன்ரி, லொறியில வந்தவங்கள்ல பிழையில்ல. அம்மா கோயிலுக்குப் போன நேரம், எடுத்துக்கிட்டுப் போங்க எண்டு நான்தான் சொன்னன். இந்த வீட்டுல பெட்டியோட சீவிச்சது காணும். கட்டிலுக்குக் கீழ பெட்டி, அலுமாரிக்கு மேல பெட்டி. கரப்பான் பூச்சிதான் பெருகுது. நான் ரீவிய சுவரில பூட்டப்போறன். நான் ஒரு இடமும் போகமாட்டன்."

"போகமாட்டன் எண்டு நானும்தான் சொன்னன்" என்றார் தாய்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, ரெண்டு தரம் சண்டைக்கு ஓடினம், ஒருதரம் வெள்ளத்துக்கு. மூண்டு தரமும் உழவு மெசினுக்குப் பின்னால பூட்டின இழுவைப் பெட்டிலதான் ஏத்தினாங்க. அடுக்கலாம் எண்டதால பெட்டிக்குள்ள இரிந்த சாமானை ஏத்தவிட்டாங்க. பெட்டியில்லாதத, உடையும், சனத்துக்கு இடமில்ல எண்டு ரோட்டுல இறக்கிப் போட்டாங்க. பெட்டி இரிந்தது என்னோட வந்திச்சு. இல்லாதது அங்கயே நிண்டுட்டுது. மறுகா, அகதியாக் கிடந்த பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் தரையில இவளக் கிடத்த ஒரு பாய் இல்ல. ரீவிப் பெட்டியக் கிழிச்சு விரிச்சுத்தான் கிடத்தினன். நாப்பது நாள் புள்ள இவள்."

நிரோஷா இதைக் கேட்டிருக்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் பறங்கிப் பெண், ஐரோப்பியர் வழி வந்த சனம். என் அம்மா தையல்காரி. பதற்றமான காலங்களில் எங்கள் வீட்டுத் தையல் மெசின் அதன் மரப்பெட்டிக்குள் பூட்டித்தான் இருக்கும், தைக்கும் நேரம் மட்டும் வெளியே வரும். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது விளங்கியிருக்க வேண்டும். சாரதி சொன்னபோதாவது விளங்கியிருக்க வேண்டும். அக்கா சாமானோடு சேர்த்து ஒரு தைரியத்தையும் வாங்கியிருந்தார். சாமானை இறக்கிவிட்டு அந்தத் தைரியத்தை நாங்கள் லொறியில் ஏற்றிப் போயிருந்தோம்.

"அக்கா, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பெட்டி வரும்" என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டேனே தவிர, அன்று வியாழக்கிழமை என்பது ஓட்டோவில் ஏறியபிறகுதான் உறைத்தது. வியாழன் பின்னேரம்தான் வாழைச்சேனை வியாபாரியின் லொறி வரும் நாள். நான் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்கட்டு துடைத்துவிட்டது போல இருந்தது.

மாத முடிவு, தளத்தை விட்டுப் போகக்கூடாது என்றார் முகாமையாளர். வெறும் மட்டைக்காக ஒரு மேற்பார்வையாளர் ஊர் ஊராக அலைவதா என்றும் கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். நான் விடுமுறைக் கடிதம் எழுதி அவர் மேசையில் வைத்தேன். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என் சேவைக் காலத்தில் நான் மேலதிகாரியின் சொல்லை மீறியது அந்த ஒருமுறைதான். இன்றைக்கும் அதற்காக மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை சாரதியும் நானும் வாழைச்சேனைக்குப் போனோம். வியாபாரியின் முற்றத்தில் மட்டைகள் மலையாகக் கிடந்தன. ஒரு பக்கம் அழுத்திக் கட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "நானா, மெசினைக் கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்று வந்த வேகத்திலேயே கத்தினேன்.

"என்ன மிஸ், சனம் சாமானைத் தேடிக்கிட்டு வரும். நீங்க பெட்டியத் தேடிக்கிட்டு வாறீங்களே" என்றார் அவர்.

காரணத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. "எங்கட உம்மா மௌத்தாகுமட்டும் ஒரு பெட்டியும் எறிய விடல்ல மிஸ். நான் கடதாசி வியாபாரி, எங்கட வீட்டுல பெட்டி விக்கேலா!" என்று சொல்லிக்கொண்டே சாரத்தை மடித்துக் கட்டினார். மூன்று பேருமாகக் குவியலைக் கிளறினோம். மீன் வாசம் ஊறிய மட்டைகளுக்கு நடுவில் ஒவ்வொன்றாக அகப்பட்டது. ஐந்து கிடைத்தது. வோஷிங் மெசினின் பெட்டி ஏற்கெனவே கட்டுக்குள் நசுங்கிப் போயிருந்தது. காசு கொடுக்கப் போனேன். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

மத்தியானத்துக்கு முன் ஆரையம்பதியில் நின்றோம். அக்கா பெட்டிகளை எண்ணினார், ஆறாவது நசுங்கிப் போனதைச் சொன்னதும் தலையாட்டினார், உட்பக்கம் கைவிட்டுப் பார்த்தார், ஒரு மூலையை மோந்துகூடப் பார்த்தார். "மீன் மணக்குது" என்றார். மீன்காரர் வீட்டில் இதுவும் ஒரு குறையா என்று சாரதி முணுமுணுத்தார். அக்கா முகத்தில் சிரிப்பு வந்தது.

ஆனால் பிரச்சினை முடியவில்லை. நிரோஷா வாசலில் நின்றாள். இரவு முழுக்க யோசித்திருப்பாள். குரல் முந்திய நாளைப்போல வெடிக்கவில்லை, ஆனால் மாறவும் இல்லை. "அம்மா, நீங்க பட்டதெல்லாம் எனக்கு விளங்குது. ஆனா இந்த வீட்டுக்குள்ள ஒரு பெட்டியும் வேணாம். எழும்பிப் போறதுக்கெண்டு ஆயத்தமா வச்சிரிக்கிற வீட்டுல நான் எப்பிடி இரிக்கிற?"

தாயும் மகளும் என்னைப் பார்த்தார்கள். பணம் கட்டியவர் தாய். ஞாயிறு முதல் வீட்டுக்காரி மகள். யார் என்னுடைய வாடிக்கையாளர்? பயிற்சி வகுப்பில் இதற்குப் பதில் இல்லை. ஒருத்தி போவதற்கு ஆயத்தமாக வாங்குகிறாள், மற்றவள் போகமாட்டேன் என்று சுவரில் ஆணி அடிப்பதற்காக வாங்குகிறாள். இருவரும் ஒரே சாமானைத்தான் வாங்கினார்கள். இரண்டு பேரும் சரி என்பதுதான் எனக்கு வந்த சங்கடம்.

"அக்கா, உங்கட சின்ன வீடு எங்க?" என்று கேட்டேன். பின்பக்கம் காட்டினார். தகரக் கூரை போட்ட ஓர் அறை, ஒரு குசினி. "பெட்டி அங்க இரிக்கட்டும். மகளுக்குத் தேவைப்பட்டா வளவுக்குள்ளதானே, எடுத்துக் குடுங்க. தேவைப்படாட்டி அவளுக்குக் கண்ணில படாது."

அக்கா பின்பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தார். "வீடு மகளுக்கு, பெட்டி எனக்கு. சரி" என்றார்.

பெட்டிகளை மடித்துத் தட்டையாக்கி நைலோன் கயிற்றால் கட்டியவள் நிரோஷா. யாரும் அவளைக் கேட்கவில்லை. தொலைக்காட்சிப் பெட்டி வந்தபோது மட்டும் கொஞ்சம் நிதானித்தாள், கையால் ஒருமுறை தடவினாள், பிறகு மற்றவற்றைவிட இறுக்கிக் கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை கலியாணத்துக்கு நானும் போயிருந்தேன். சாமான் எல்லாம் நின்றது.

அதன் பிறகுதான் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். பெட்டியைத் திருப்பி எடுங்கள், எடுக்காமலும் விடுங்கள், ஆனால் கேட்டுவிட்டு எடுங்கள் என்று. முதலில் சிரித்தார்களாம். மூன்று கடிதம் போட்டேன். கடைசியில் விநியோகப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தார்கள், பிறகு அது எல்லாக் கிளைக்கும் போனது, இன்று உங்கள் டெப்பில் இருக்கிறது. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் கிளைக்காரர்கள் பிறகு எனக்குச் சொன்னார்கள், "வேண்டும்" என்று சொல்லும் சனம் தங்கள் பக்கத்திலும் நிறைய என்று. நான் ஒரு புது மெசினைக் கண்டுபிடிக்கவில்லை, ஒரு கேள்வியைத்தான் வைத்தேன். ஆனாலும் அதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிமிரும்.

நீங்களும் வேறொரு தலைமுறை. நாட்டில் காஸ் தட்டுப்பட்ட காலத்தில் வரிசையில் வெறும் சிலிண்டரோடு நின்று களைத்தவர்கள். அதனால்தான் இப்போது கலியாணம் முடிக்கும் பிள்ளைகள் காஸ் அடுப்பும் வாங்கி, மின் அடுப்பும் வாங்கி, ஒரு விறகு அடுப்பையும் பின்னால் கட்டிவைக்கிறார்கள். அதைப் பார்த்து வீண்செலவு என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. சொல்பவருடைய கட்டிலுக்குக் கீழே எத்தனை பெட்டி என்று கேளுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், காலையில் கடை திறந்த கையோடு ஓர் ஓட்டோ வந்து நின்றது. தங்கேஸ் அக்கா இறங்கினார். தலை நன்றாக நரைத்திருந்தது. கையில் தட்டையாகக் கட்டிய ஒரு பெட்டி. அதே நைலோன் கயிறு. முன்னால் நின்ற புதிய விற்பனையாளர் எடுத்த எடுப்பிலேயே, "அம்மா, திருப்பி எடுக்கிற காலம் முடிஞ்சிரிக்கும்" என்றார்.

"சாமானைத் திருப்ப வரல்ல மனே. பெட்டியத் திருப்ப வந்தனான். மிஸ்ஸக் கூப்பிடு."

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "என்னக்கா இது?"

"முந்தியெல்லாம் மழை தொடங்கினா எழும்பிருவன் தங்கச்சி. பெட்டி நனையுதா எண்டு பாக்க. எத்தினை மாரி அப்பிடி. இந்த மாரிக்கு விடியவிடிய மழை. நான் எழும்பவே இல்ல. நல்ல நித்திரை. காலையில தேத்தண்ணி குடிக்கக்குள்ளதான் நினைவு வந்திச்சு, பெட்டியப் பாக்கல்லயே எண்டு. மறுகா யோசிச்சன். எனக்கு இனித் தேவையில்ல. வேற ஆரும் கேட்டாக் குடுங்க."

பெட்டியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். கண் நிறைந்துவிட்டது. சாமானைத் திருப்பிக் கொண்டுவந்தவர்களை நான் ஆயிரம் பேரைக் கண்டிருக்கிறேன், பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தவர் அவர் ஒருவர்தான். அவரை ஓட்டோ வரை கொண்டுபோய் ஏற்றிவிட்டேன். ஏறி இருந்தபிறகு ஒரு சந்தேகம் வந்து கேட்டேன்.

"அக்கா, மற்ற நாலு பெட்டி?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அதுகள் கிடக்கட்டும் தங்கச்சி."